டீச்சர் விளையாட்டில் பாடம் ஏன் வரவில்லை?

உறையூர்க்காரி:

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அரசு உதவிபெறும் பள்ளி, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து சாயங்காலம் ஆனால் டீச்சர் விளையாட்டுதான். பீரோ கதவு போர்டு. இரண்டு பொம்மை, ஒரு தலையணை, பக்கத்து வீட்டு யூகேஜி பையன், இவ்வளவுதான் வகுப்பு.

நேற்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுசாகக் கவனித்தேன், அரை மணி நேரம் இருக்கும். என் துப்பட்டாவைச் சேலை மாதிரி சுற்றிக்கொண்டாள். எல்லாரையும் எழுப்பி குட்மார்னிங் சொல்ல வைத்தாள். அட்டெண்டன்ஸ் எடுத்தாள். "கையக் கட்டு, வாயில விரல வை" என்றாள். பிறகு கதவின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று எழுதி அடிக்கோடு போட்டு, அதற்குக் கீழே அந்தப் பையன் பெயரை எழுதினாள். அவன் "நான் பேசலயே" என்றான். அதற்கு ஒரு இன்ட்டு. மறுபடி வாயைத் திறந்தான், இன்னொரு இன்ட்டு. தலையணைக்கு ஸ்கேலால் இரண்டு அடி. "மிஸ் வர்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது." கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தாள். அப்புறம் வாயாலேயே பெல் அடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

பாடம் வரவே இல்லை. ஒரு கூட்டல் கணக்கு இல்லை, ஒரு பாட்டு இல்லை. "எப்பம்மா பாடம் நடத்துவ?" என்று கேட்டேன். "இவங்க அமைதியா இருந்தாதானே நடத்த முடியும்" என்றாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. இவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை, மார்க்கில் குறை கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று நடித்துக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுகிறாள். டீச்சரும் லீடரும் அவளுக்கு ஒரே ஆளாகிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் கவலைப்படலாமா? புத்தகத்தில் இல்லாத எதை உங்கள் பள்ளி உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது? யோசித்துச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தூள்:

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் 19 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் பார்த்ததற்கு எங்கள் பி.எட். பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது, மறைமுகக் கலைத்திட்டம், அதாவது புத்தகத்தில் எழுதாமலே பள்ளி கற்றுக்கொடுப்பது. 1968இல் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வைத்த பெயர். அவர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் போய் உட்கார்ந்து, பிள்ளைகள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தவர். நிறைய நேரம் காத்திருக்கிறார்கள். தன் முறைக்காக, வரிசைக்காக, மற்றவர்கள் முடிப்பதற்காக. கூட்டத்துக்குள் இருக்கப் பழகுகிறார்கள், நாலு பேர் முன்னால் மதிப்பிடப்படப் பழகுகிறார்கள், ஒருவர் கையில் அதிகாரம் இருப்பதற்குப் பழகுகிறார்கள். இந்த மூன்றையும் சரியாகச் செய்கிற பிள்ளைதான் "நல்ல பிள்ளை". கணக்கு, அறிவியல் எல்லாம் அதற்கு அப்புறம்.

லீடர் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம், ஏழாம் வகுப்பு எனக்கு. லீடர் நல்ல பையன், நேரம் தவறமாட்டான், எனக்கு அவன்மேல் ரொம்பப் பிரியம். ஒரு நாள் அவன் பையை வேறு எதற்கோ திறக்கச் சொன்னேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு ரப்பர், மூன்று நான்கு பேனா, ஒரு பொட்டலம் கமர்கட். எதுவும் அவன் வாங்கியதில்லை. பேசியவர்கள் பட்டியலில் பெயர் வராமலிருக்க ஒரு ரப்பர், வந்த பெயரை அழிக்க ஒரு பேனா. ஏழெட்டு மாதமாக நடந்திருக்கிறது. 42 பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த மாதம்தான் குடிமையியலில் உள்ளாட்சி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் இந்தப் பக்கம் கிராம சபையின் கடமைகள், அந்தப் பக்கம் ஓரத்தில் அவன் எழுதிய பட்டியல். அவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அந்த வேலையை அவனிடம் கொடுத்தது நான்.

பழைய தலைமையாசிரியர்:

34 ஆண்டு பணி செய்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை, சொல்லிவிடுகிறேன்.

80களில் எங்கள் பள்ளியில் ஒரே அறையில் 55, 60 பேர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தட்டி. "கையைக் கட்டு, வாயில் விரலை வை" என்று சொல்லாமல் அங்கே யாரும் எதையும் நடத்தியிருக்க முடியாது. அப்படி உட்கார்ந்து படித்த பிள்ளைகள்தான் இன்று தாசில்தாராகவும் செவிலியராகவும் இருக்கிறார்கள். வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு நேரத்துக்கு எழுவது, வரிசையில் நிற்பது, சொன்னதை முடிப்பது, இவையெல்லாம் பள்ளி கொடுத்த சொத்து. இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டிலேயே கிடைக்கும், அதனால் அவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

இன்னொன்று. புத்தகத்தில் இல்லாமல் பள்ளி கற்றுக்கொடுத்த பெரிய பாடம் எது தெரியுமா? சோறு. காமராஜர் 1956இல் மதிய உணவு கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்துவிட்டது. இதைப் பசிக்கான திட்டமாக மட்டும் பார்க்கிறார்கள். நான் 30 வருஷம் அந்த வரிசையின் ஓரத்தில் நின்றவன். வீட்டில் ஆண்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்பிள்ளைக்குத் தட்டு. பள்ளியில் இரண்டு பேரும் ஒரே வரிசை, ஒரே கரண்டி அளவு, ஒரே தரை. யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். எந்தப் பாடநூலிலும் இதை எழுதவில்லை. சீருடையும் அப்படித்தான். மறைமுகம் என்றாலே கெட்டது என்று பேசாதீர்கள்.

பிரம்பு எடுத்ததற்கு மட்டும் இப்போது வருந்துகிறேன். அது வேண்டியிருக்கவில்லை.

தாமிரபரணி:

சார், நீங்கள் சொன்ன பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் நான் படித்தேன். அந்தச் சோற்றுக்கு நன்றி மறக்கமாட்டேன். ஆனால் அதே பள்ளியில் இன்னொரு பாடமும் நடந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை உதவித்தொகை ஃபாரம் வரும். சார் வகுப்புக்கு வந்து, "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்கடே" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்லமாட்டார், அவருக்குத் தலையை எண்ண வேண்டும், அவ்வளவுதான். எட்டுப் பேர் எழுந்து நிற்போம். அவர் எண்ணுவார், நோட்டில் எழுதுவார், அப்பா பெயர் கேட்பார், ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் மற்ற முப்பது பேரும் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறாம் வகுப்பில் அது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். சாயங்காலம் அவன் வழக்கம்போலத்தான் பேசினான். ஆனால் மறுநாள் என் தண்ணீர் பாட்டிலைக் கேட்கவில்லை. அதற்கு முந்தின நாள் வரை தினமும் கேட்டவன். இப்போது எனக்கு 38 வயது. அந்த ஃபாரத்தில் வந்த தொகை எவ்வளவு என்று நினைவில்லை, அந்த பாட்டில் நினைவிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கயிறு விஷயம் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டிக்கொண்டு யார் யாரோடு நிற்பது என்று பசங்களே பிரிந்துகொள்கிறார்கள். 2019இல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்தே இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே அரிவாளோடு ஒரு மாணவன் வீட்டுக்குள் புகுந்தார்கள், அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற அடையாளங்கள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று அதில் இருக்கிறது. அகர வரிசையில் உட்கார வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். என் வகுப்பில் அப்படி உட்கார வைத்திருந்தால், ஃபாரம் வந்த அன்று எட்டுப் பேரும் எட்டு இடத்திலிருந்து எழுந்திருப்போம். நாங்கள் எல்லோரும் கடைசி இரண்டு பெஞ்சிலிருந்து எழுந்தோம். யாரும் அப்படி உட்கார வைக்கவில்லை, எப்படியோ அப்படி அமைந்திருந்தது, எந்த ஆசிரியரும் அதை ஏன் என்று கேட்கவில்லை.

சோறு பற்றி ஒரு வார்த்தை. 2023இல் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறவர் பட்டியலினப் பெண் என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர்கள் தடுத்தார்களே, அந்தப் பிள்ளைகள் அன்று என்ன கற்றிருப்பார்கள்? கரூரில் ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பந்தி தானாகச் சமமாக இருக்காது சார். நீங்கள் ஓரத்தில் நின்றீர்களே, அதனால்தான் உங்கள் பள்ளியில் சமமாக இருந்தது.

பழைய தலைமையாசிரியர்:

தம்பி, உதவித்தொகைக்கு நானும் அப்படி எழுப்பியிருக்கிறேன். பல வருஷம். மாணவர் பெயர்ப் பதிவேட்டிலேயே விவரம் இருக்கும், அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். அரை மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கும். வேறு பதில் என்னிடம் இல்லை.

ரெட்டைச்சடை:

நான் பெண்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இருபாலர் பள்ளி. விருந்தினர் வந்தால் பொண்ணுங்க கோலம் போட, தட்டு பிடிக்க, பசங்க பெஞ்சு தூக்க. ஆண்டு விழாவுக்கு மைக் செட் எப்படி இணைப்பது என்று பசங்களுக்குக் கற்றுக்கொடுத்த சார், வரவேற்புக்குச் சந்தனம் எப்படிக் கரைப்பது என்று எங்களுக்குச் சொன்னார். எனக்கு அந்த ஒயர் மேலே இருந்த ஆசை சொல்லி மாளாது.

ஆனால் இதைவிட ஒன்று இருக்கிறது. பையன் யாராவது சேட்டை செய்தால் "போ, பொம்பளப் பிள்ளைங்க பக்கத்துல போய் உக்காரு" என்பார்கள். அதுதான் தண்டனை. அவன் முகத்தை மூடிக்கொண்டு வந்து பெஞ்சு நுனியில் உட்காருவான், வகுப்பே சிரிக்கும். அடி வாங்குவதைவிட அவனுக்கு அது அவமானம். சரி, அவனை விடுங்கள். அவன் வந்து உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். என் பக்கத்தில் உட்காருவதே ஒருவனுக்குத் தண்டனை என்றால் நான் என்ன? எட்டு வயதில் இதை இப்படிக் கேட்கத் தெரியாது. ஆனால் அவன் நகர்ந்து நகர்ந்து நுனிக்குப் போகும்போது நானும் இந்தப் பக்கம் நகர்ந்தது உடம்புக்கு இன்னும் தெரிகிறது. இது இன்றும் பல தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது, என் அக்கா மகன் போன மாதம் வந்து சொன்னான்.

நைட் ஸ்டடி:

உறையூர் அக்கா, உங்கள் மகள் விளையாட்டில் பாடம் வரவில்லை. என் பதினொன்றாம் வகுப்பில் நிஜமாகவே பாடம் வரவில்லை.

2012இல் பத்தாவது முடித்தேன், 480க்கு மேல் மார்க். அப்பா கடன் வாங்கி ஒரு உறைவிடப் பள்ளியில் சேர்த்தார். அப்போது பதினொன்றாவதுக்குப் பொதுத்தேர்வு கிடையாது, அதனால் ஜூன் முதல் நாளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகமும் கொடுத்தார்கள், அது ஆண்டு முழுக்க டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதிகாரி யாராவது வருவதாகத் தெரிந்தால் அதை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். ஒரு முறை அப்படி வைத்தோம், நினைவிருக்கிறது, புதுப் புத்தக வாசனை அடித்தது.

காலை 5 மணிக்கு விசில். 5.30க்கு ஸ்டடி. ராத்திரி 10.30 வரை. ஒரு நாளைக்கு இரண்டு ஸ்லிப் டெஸ்ட். ஒன் மார்க்குக்கு வரிசை எண்ணைச் சொன்னாலே விடை சொல்வோம். கேள்வியை வாசிக்க வேண்டியதே இல்லை. எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்கிற புளூபிரிண்டில் வராத பாடத்தின் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடச் சொன்னார் எங்கள் இயற்பியல் சார். திறந்துகூடப் பார்க்கக்கூடாது, கவனம் சிதறுமாம். செக்ஷன் பிரிப்பு மாதத்துக்கு ஒரு முறை. சென்டம் பேட்ச் மேல் மாடி, ஃபேன் நன்றாக ஓடும். ஜஸ்ட் பாஸ் பேட்ச் மெஸ்ஸுக்குப் பின்னால். நான் இரண்டு மாடியிலும் இருந்திருக்கிறேன். மேலே இருக்கும்போது கீழே இருக்கிறவர்களோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பேசியதில்லை. கீழே போன மாதம் என்னோடும் யாரும் பேசவில்லை, அதில் எனக்குக் கோபமும் வரவில்லை, நியாயம்தான் என்று நினைத்தேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

மார்க் வாங்கினேன். இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. முதல் செமஸ்டர் கணக்கில் சார் "லிமிட் உங்களுக்குத் தெரியும், பதினொன்றாவதில் படித்திருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். எங்கள் வரிசையில் இருந்த நாலு பேரும், எல்லோரும் என்னை மாதிரிப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த செமஸ்டரில் எனக்குக் கணக்கு போய்விட்டது. படிக்காத பாடத்தைப் பிறகு உட்கார்ந்து படித்துவிட்டேன், அது பெரிய விஷயமில்லை. தேர்வில் வராததை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் போக இன்னும் பத்து வருஷம் ஆனது. இப்போதும் வேலையில் புதிதாக ஒன்றைக் கற்கச் சொன்னால் என் மனதில் முதலில் எழுவது "இதில் எது கேட்பார்கள்?" என்பதுதான்.

அரசுக்கும் இது தெரியும். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், பாடத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்பதற்காகவே. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வை எடுத்தும்விட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வுச் சுமை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் புத்தகம் மாதிரி அந்தப் புத்தகம் மறுபடி டிரங்குப் பெட்டிக்குள் போய்விடக்கூடாதே என்று அடித்துக்கொள்கிறது.

வடமராட்சி:

எங்கட யாழ்ப்பாணப் பக்கமும் இதே கதைதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் முடிய ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். பெறுபேறு வந்தால் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையளின்ர படம் சந்தியில் பெரிய பதாகையாகத் தொங்கும். என்ர தம்பிக்கு இரண்டு புள்ளி குறைவு. அந்தப் பதாகை கட்டியிருந்த சந்தியால் போகமாட்டேன் என்று இரண்டு கிழமை சுற்றுப்பாதையால் சைக்கிளில் போனான். இரண்டு புள்ளி குறைந்ததில் அவன் இழந்த பாடம் ஒன்றுமில்லை, அவனுக்கு எல்லாம் தெரியும். தான் கெட்டிக்காரன் இல்லை என்று மட்டும் படித்துவிட்டான்.

சாக்பீஸ் தூள்:

எல்லாவற்றையும் வாசித்தேன். நைட் ஸ்டடி சொன்னதும் தாமிரபரணி சொன்னதும் ஒரே இடத்துக்கு வருகிறது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதற்கு.

1980இல் ஜீன் ஆன்யான் என்பவர் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஐந்து பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்து எழுதினார். அந்தப் பள்ளிகளில் பாடப்பொருள் பெரும்பாலும் ஒன்றுதான். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளியில் வேலை என்றால் சொன்ன படிகளை அப்படியே செய்வது, ஏன் என்று கேட்பதற்கு இடமில்லை. நடுத்தர வர்க்கப் பள்ளியில் சரியான விடையைக் கண்டுபிடிப்பது. வசதியானவர்கள் பள்ளியில் உன் கருத்தைச் சொல், நீயே ஒன்றைச் செய்து பார் என்கிறார்கள். ஒரே கணக்கு, ஆனால் ஒருவன் உத்தரவு கேட்கத் தயாராகிறான், இன்னொருவன் உத்தரவு போடத் தயாராகிறான். தலைமையாசிரியர் ஐயா "சொன்னதை முடிப்பது சொத்து" என்றார்கள். உண்மைதான் ஐயா. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொத்தை மட்டும் கொடுத்து அனுப்பினோமோ என்பதுதான் என் கேள்வி.

நம்மிடமும் நல்ல முயற்சி நடந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலி பள்ளி முறையிலிருந்து எடுத்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பங்கு. அவரவர் எந்தப் படியில் இருக்கிறாரோ அந்த அட்டையை அவரே எடுத்துவந்து படிப்பது. டீச்சரும் பாயில் உட்கார வேண்டும். எனக்கு முதல் வாரம் கால் மரத்துப்போனது, கோபம்கூட வந்தது. ஆனால் பாயில் உட்கார்ந்த பிறகுதான் என் வகுப்பில் ஒரு பெண் வாயைத் திறந்தாள். அது வரை ஒன்றரை வருஷம் அவள் குரலையே நான் கேட்டதில்லை. நான் நாற்காலியில் இருந்த வரைக்கும் அவள் பார்த்தது என் செருப்பைத்தான். பெற்றோர்களுக்கு அது பிடிக்கவில்லை. "டீச்சர் தரையில உக்காந்து விளையாடுறாங்க, பாடமே நடத்தறதில்ல" என்றார்கள். உறையூர்க்காரி மகளின் வகுப்பில் டீச்சர் நிற்கிறார், பிள்ளைகள் கையைக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் பாடம் நடக்கிற மாதிரியே இருக்கும்.

2025 ஜூலையில் ப வடிவில் பெஞ்சு போடச் சொன்னபோதும் கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று எதிர்ப்பு வந்தது. எங்கள் வகுப்பில் 26 பேர், அறை பெரியது, நான் போட்டுப் பார்த்தேன். போர்டைப் பக்கவாட்டில் பார்க்கிறவர்களுக்குச் சிரமம்தான், அதனால் வாரம் ஒரு முறை இடம் மாற்றினேன். நான் கவனித்தது ஒன்றுதான். வரிசையில் இருந்தபோது ஒரு பிள்ளை பதில் சொன்னால் என்னிடம் சொல்லும். மற்றவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். ப வடிவில் பதில் சொன்னவனை எதிர்ப்பக்கம் இருக்கிறவள் பார்த்து "அது தப்புடா" என்று சொல்கிறாள். அவன் என்னைப் பார்க்காமல் அவளுக்குப் பதில் சொல்கிறான். 50 பேர் இருக்கிற வகுப்பில் இது நடக்காது, அங்கே பெஞ்சை நகர்த்தவே இடமில்லை. அப்படிப்பட்ட பள்ளிகளில் வடிவத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால் ஆசிரியரையும் அறையையும் கொடுக்க வேண்டும்.

உறையூர்க்காரி:

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. இந்த லீடர் பட்டியலைப் பற்றிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். சண்டை போடுகிற மாதிரி ஆகிவிடக்கூடாது. எப்படிக் கேட்பது?

சாக்பீஸ் தூள்:

பட்டியல் ஏன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் மிஸ் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதையும் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். அப்புறம் லீடரை மாற்றி மாற்றிப் போடுவார்களா என்று மட்டும் கேளுங்கள். ஒரே ஆளாக இருக்கும்போதுதான் ரப்பர் சேரும்.

பழைய தலைமையாசிரியர்:

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் அம்மா. முடிந்த பிறகு தனியாகப் போய்ப் பேசுங்கள். ஆசிரியருக்கும் நாலு பேர் முன்னால் எழுந்து நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

உறையூர்க்காரி:

போய்விட்டு வந்தேன். ஐயா சொன்ன மாதிரி முடிந்த பிறகு காத்திருந்து பேசினேன்.

அந்த டீச்சருக்கு என் மகள் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. நான் விளையாட்டைச் சொன்னதும் முதலில் சிரித்தார், தலையணை அடி வாங்கியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் ஸ்கேல் எடுக்கிறதே இல்லைங்க" என்றார். அப்புறம் தன் போனை எடுத்துக் காட்டினார். பள்ளி விவரங்களை அரசுக்கு ஏற்றுகிற எமிஸ் செயலியில் தினமும் வருகைப் பதிவு, அது போக யாருக்கு என்ன கொடுத்தோம், யாருக்கு என்ன அளவு என்று ஏதாவது ஒன்று ஏற்ற வேண்டுமாம். வகுப்புக்குள் சிக்னல் வராது. வராந்தா கோடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றால்தான் ஏறும். அதற்குக் காலையில் இருபது நிமிஷம், சில நாள் அதற்கு மேலும். அந்த இருபது நிமிஷம்தான் லீடர் ராஜ்யம். என் மகள் நடிப்பது அந்த இருபது நிமிஷத்தை. அதற்கு அப்புறம் பாடம் நடக்கத்தான் செய்கிறது, பாட்டு, அட்டை எல்லாம்கூட இருக்கிறதாம், நோட்டைப் பார்த்தாலும் தெரிகிறது. ஆனால் அவள் மனதில் பதிந்தது இதுதான்.

எனக்குக் கோபம் எங்கே போவது என்று தெரியவில்லை. டீச்சர் மேல் இல்லை.

பட்டியலை உடனே நிறுத்த முடியாது, பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும் என்றார். ஆனால் வாரம் ஒரு லீடர், வருகைப் பதிவேட்டு வரிசையில் எல்லோருக்கும் வரும் என்று ஒப்புக்கொண்டார். அந்த இருபது நிமிஷத்துக்குக் கதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அலமாரியில் இருக்கிறது, கிழித்துவிடுவார்களோ என்று பூட்டியிருக்கிறோம் என்றார். கிழிந்தால் நாங்கள் நாலைந்து அம்மாக்கள் ஒட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கள்கிழமை பத்துப் புத்தகம் வெளியே எடுத்து வைத்திருக்கிறாராம்.

மகளுடைய லீடர் வாரம் ஆகஸ்டு மூன்றாவது வாரம் வருகிறது. யார் பெயரை முதலில் எழுத வேண்டும் என்று இப்போதே முடிவு பண்ணி வைத்திருக்கிறாள், அந்தப் பையன் எனக்கும் தெரிந்த பையன்தான். இன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். என்ன சொன்னாள் என்று நாளைக்கு எழுதுகிறேன்.